பார்த்துக்கொள்பவரைப் பார்த்துக்கொள்ளுதல்

பக்கவாதம் வந்து தேறும் கணவனை மனைவியோ, அறுவை முடிந்து வீடு திரும்பிய மனைவியைக் கணவனோ கூடவே இருந்து கவனிக்கும் காலம் சில மாதங்கள் நீளும். சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். அந்த நாட்களில் நோயாளியை டாக்டர் பார்க்கிறார், மிஸ்ஸி பார்க்கிறார், வருகிற சொந்தமெல்லாம் பார்க்கிறது. கூட இருப்பவரிடம் "அவருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்கள். அந்தக் கூட இருப்பவரின் மனமும் உடம்பும் சற்றே லேசாக, அக்கம்பக்கத்தாரும் உறவினரும் உடன் வேலை செய்பவரும் செய்யக்கூடிய சிறு உதவிகளே இந்த அத்தியாயத்தின் பொருள்.

கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில் சிடாம் கிரி, புக்கிட் செலம்பாவ், பீடோங், அதையொட்டிக் கூலிம் மாவட்டத்தில் பாடாங் செராய், லூனாஸ் என்று நீளும் தோட்டப்புறங்களில் இந்த உதவிக்கான தேவை கூடுதலாகவே இருக்கிறது. முதல் காரணம் நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. கால் விரலை எடுப்பது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ், இருதய அடைப்பு, ஸ்ட்ரோக் என்று பல வீடுகளில் நடப்பது இதன் தொடர்ச்சிதான். அடுத்த காரணம், வீட்டில் ஆள் இல்லாமை. கித்தா மரம் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போனார்கள். லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆயாக் கொட்டகை இருந்தது, அவசரத்துக்குத் தோட்டத்து டிரெசர் இருந்தார். இன்றைய தாமான் வீட்டில் இரும்புக் கதவு பகலிலும் பூட்டியே கிடக்கிறது. உள்ளே அறுபதைக் கடந்த இருவர். ஒருவர் படுக்கையில், மற்றவர் அடுப்படியில்.

ஊருக்கு உதவத் தெரியாமல் இல்லை. ஒரு சாவு விழுந்தால் அரை மணி நேரத்தில் கொட்டகையும் நாற்காலியும் வந்துவிடும். அண்டாவில் கோப்பி கொதிக்கும், மரண சகாய நிதியிலிருந்து பணம் வந்து சேரும், கருமாதி முடியும் வரை யாராவது ஒருவர் அந்த வீட்டில் இருப்பார். யார் எதைச் செய்வது என்று யாரும் கூடிப் பேசுவதில்லை. முறை ஏற்கெனவே இருக்கிறது. தேறிவரும் வீட்டுக்கு அப்படியொரு முறையை யாரும் வகுத்து வைக்கவில்லை. முதல் வாரம் வாசலில் செருப்பு குவிகிறது, இரண்டாம் மாதம் ஒரு ஜோடிகூட இல்லை. இறந்தவருக்கு நிதி வைத்திருக்கும் தோட்டத்தில், உயிரோடு மீண்டு வருபவரின் வீட்டுக்கு ஒரு முறைப்பட்டியல்கூட இல்லாதது விந்தைதான்.

துணைவர் படும் சிரமத்தைச் சாதாரண அலுப்பு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, 66 வயதைத் தாண்டிய தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்து, அதனால் மனமும் உடம்பும் நெருக்கடிக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடி இல்லை என்று சொன்னவர்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை. ஓர் ஆய்வை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டக்கூடாது. என்றாலும், பாரம் ஒன்றாகவே இருந்தாலும் அதைச் சுமக்கும் விதத்தில் எவ்வளவோ மாறக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அக்கம்பக்கத்தார் கைவைக்கக்கூடிய இடமும் அதுதான்.

கேட்காமல் சொல்லுவது

"ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்கக்கா" என்ற வாக்கியம் நல்ல மனத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆனால் அது வேலையைத் துணைவர் தலையிலேயே திருப்பி வைக்கிறது. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுத்து, கூச்சத்தை விழுங்கி, போன் அடிக்க வேண்டியவர் அவர். நாளெல்லாம் மருந்துக்கும் மாற்றுத்துணிக்கும் இடையே ஓடுகிறவர் அதைச் செய்யப் போவதில்லை. நம்மவர்களுக்குக் கேட்டு வாங்கும் பழக்கமும் குறைவு.

நாளையும் வேலையையும் சேர்த்துச் சொல்வதே பயன் தரும். "புதன்கிழமை சுங்கைப்பட்டாணி போறேன், மருந்துச் சீட்டைக் குடுங்க, எடுத்துட்டு வந்துடுறேன்" என்றால், கேட்பவர் சீட்டைக் கொடுத்தால் போதும். "சனிக்கிழமை காலையில பையன் வந்து புல்லு வெட்டிட்டுப் போவான்" என்றால் அதுகூட வேண்டாம். "எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம்" என்று முதல் தடவை மறுப்பது மரியாதைக்காக; அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டாம் தடவையும் மறுத்தால் வீட்டுக்குள் நுழைய வற்புறுத்த வேண்டாம். வெளிவாசலோடு முடியும் வேலைகள் எத்தனையோ உண்டு: குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, எரிவாயு தோம்பை மாற்றித் தருவது, மழை வரும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுத்து மடித்து வைப்பது.

ஒருமுறை செய்யும் பெரிய உதவியைவிட, நாள் தவறாமல் வரும் சிறிய உதவிக்குச் சக்தி கூடுதல். ஒவ்வொரு செவ்வாயும் பத்து நிமிடம் வருகிற ஆள் இருந்தால், திங்கட்கிழமையே அந்த வீட்டில் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவது, சொல்லாமலே இருப்பதைவிடக் கெடுதல்.

வாட்டில் இருக்கும் நாட்கள்

இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் சேர்க்கப்படுவது சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையிலோ கூலிம் மருத்துவமனையிலோதான். இருதயம், மூளை போன்றவற்றுக்கு அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ பினாங்கு மருத்துவமனைக்கோ அனுப்பப்படுவதும் உண்டு. நோயாளி கட்டிலில் இருக்க, துணைவர் பிளாஸ்டிக் நாற்காலியிலும் நடைபாதைப் பெஞ்சிலும் பொழுதைக் கழிக்கிறார். ஆண்கள் வாட்டில் இரவில் பெண்கள் தங்குவதற்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. பார்வை நேரம் முடிந்ததும் மனைவி வீடு திரும்ப வேண்டும். சிடாம் கிரி பக்கம் அந்நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. கிராப் காடிக்குக் கொடுக்கும் பணம் இரண்டு நாள் சாமான் செலவு. மாலையில் வேலை முடிந்து சுங்கைப்பட்டாணியிலிருந்து திரும்பும் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஏற்றிக்கொண்டு வருவது, பத்துப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துப் போவதற்குச் சமம்.

வாட்டுக்குக் கொண்டுபோகும் பையில் துணைவருக்கென்று சில பொருள் இருக்கட்டும். நீள வயர் உள்ள போன் சார்ஜர், ஏர்கோன் குளிருக்கு ஒரு சுவெட்டர், கைலி ஒன்று, பிளாஸ்கில் சூடான கோப்பி, சில்லறைக் காசு. போன தலைமுறைக்குச் செய்தித்தாள் பெரிய துணையாக இருந்தது. இப்போதும் வயதானவர்களுக்கு ஞாயிறு பதிப்பு ஒன்று அரை நாளைக் கழித்துத் தரும். காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் மின்னல் பண்பலையாவது கேட்டுக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ஒன்று காசில்லாமல் செய்யக்கூடியது. நோயாளியின் நிலையை உறவுக்கெல்லாம் சொல்லும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்வது. தம்பி, மச்சான், பெரியம்மா மகள் என்று ஆளாளுக்குப் போன் அடிக்க, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்ற கேள்விக்கு ஒரே நாளில் இருபது தடவை பதில் சொல்கிறவர், கெட்ட செய்தியை இருபது தடவை அனுபவிக்கிறார். குடும்பத்தில் நிதானமான ஒருவர் இரவு எட்டு மணிக்குத் துணைவரிடம் ஒருமுறை மட்டும் பேசி, வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி எழுதிவிட்டால் மற்றவர் யாரும் அழைக்கத் தேவையில்லை. அந்தக் குழுவில் பச்சிலை வைத்தியமும் பக்கத்து ஊர்ச் சாமியாரின் விலாசமும் வராமல் பார்த்துக்கொள்வதும் அதே ஆளின் வேலை.

சாப்பாடு

நோயாளியைப் பார்க்க வருவோர் கையில் இருப்பவை பெரும்பாலும் மைலோ டின், ஹண்ட்ரட் பிளஸ், பிராண்ட்ஸ் கோழி எசன்ஸ், ஆரஞ்சுப் பழம். இனிப்பு நீர் உள்ளவர் இவற்றில் பாதியைத் தொட முடியாது. டின்கள் அலமாரியில் அடுக்கி நிற்கின்றன. அவை தீர்வதற்குள் காலாவதியாகும். துணைவரோ உப்பில்லாத கஞ்சியையும் காரமில்லாத கீரையையும் நோயாளிக்குச் செய்து, மிஞ்சியதைத் தாமும் சாப்பிட்டுவிட்டு, ஒருநாள்கூடத் தமக்கென்று சமைப்பதில்லை. காலையில் அவருக்காகவே வாங்கிய ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ, "இது உங்களுக்கு, ஐயாவுக்கு இல்ல, சூடா இருக்கும்போதே பசியாறுங்க" என்ற சொல்லோடு வந்தால் அந்த நாளின் முகமே வேறு. கருவாட்டுக் குழம்பு, நெத்திலிச் சம்பால், பீசாங் கோரெங் என்று அவருக்குப் பிடித்தது எதுவென்று தெரிந்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

பாத்திரத்தில் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது நம் வழக்கம். சீனியோ, ரெண்டு முட்டையோ, கொல்லையில் காய்த்ததோ போட்டுத்தான் கொடுப்பார்கள். நல்ல நாளில் அழகான பழக்கம். கவனிப்பில் இருக்கும் வீட்டில் அது ஒரு கடனாகிவிடுகிறது. கழுவ வேண்டும், என்ன போடுவது என்று தேட வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாழையிலையில் கட்டியோ, திரும்ப வேண்டாத ஐஸ்கிரீம் டப்பாவிலோ கொடுப்பவர் அந்த வேலைகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்.

ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து சாம்பார் வருவதும், பிறகு நான்கு நாள் ஒன்றுமே வராததும் சகஜம். கோயில் மாதர் குழுவிலோ தெருவிலோ ஒருவர் நாள்முறை எழுதி வைத்தால் இது தீரும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு வேளைச் சமையல்தான். நோயாளியின் பத்தியம் என்ன என்பதைத் துணைவரிடம் ஒரு தடவை மட்டும் கேட்டு, அதைப் பட்டியலின் தலையில் எழுதிவிட வேண்டும்.

உடம்பும் உறக்கமும்

புரண்டு படுக்க முடியாத நோயாளியைப் படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். அப்படியென்றால் துணைவர் இரவில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்குவதில்லை. ஒரு வாரத்துக்கு இது தாங்கும். ஒரு மாதத்தில் கோபம், மறதி, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறப்பது என்று ஆரம்பிக்கிறது. அவருக்கு அறிவுரை தேவையில்லை, ஒரு முழு ராத்திரி தேவை. உறவில் ஓர் இளைஞன் வாரத்துக்கு ஓர் இரவு நோயாளியின் அறையில் படுத்துக்கொள்ள, துணைவர் வேறு அறையில், முடிந்தால் பக்கத்து வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். இரவு முடியாதவர்கள் பகலில் இரண்டு மணி நேரம் தரலாம். அந்நேரத்தில் துணைவர் சமைக்க உட்காராமல் பார்த்துக்கொள்வதும் வந்தவரின் பொறுப்பு.

குளிப்பாட்டும் வேளைதான் முதுகை முறிப்பது. நாற்பத்தைந்து கிலோ மனைவி எழுபது கிலோ கணவனை நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்துகிறார். பக்கத்து வீட்டுப் பையன் தினமும் காலை ஏழரைக்கு வந்து பத்து நிமிடம் கை கொடுத்தால், அவருடைய இடுப்பு தப்பிக்கும். தூக்கும் முறையை உடற்பயிற்சி சிகிச்சையாளர் சொல்லிக் கொடுக்கும் நாளில் அந்தப் பையனும் உடன்போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. தப்பாகத் தூக்கினால் இருவருக்கும் அடிபடும். சக்கர நாற்காலி, கழிப்பிட நாற்காலி, காற்று மெத்தை போன்றவை ஒரு வீட்டில் உபயோகம் முடிந்து பரணில் கிடக்கும். அவற்றைத் துடைத்து, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பல நூறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தித் தருகிறார்.

போக்குவரத்து இன்னொரு சுமை. தோட்டத்தில் வளர்ந்த வயதான பெண்கள் பலருக்குக் காடி ஓட்டத் தெரியாது. ஓட்டியவர் படுத்திருக்க, காடி வாசலில் தூசி படிகிறது. வாரம் ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்து பேட்டரி சாகாமல் வைப்பதும், சாலை வரி முடியும் தேதியைக் கவனிப்பதும் மாப்பிள்ளைகளுக்கும் மருமகன்களுக்கும் ஏற்ற வேலை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை வந்து ஞாயிறு தங்கினால், ஞாயிற்றுக்கிழமையன்று கெடாவில் அரசாங்கக் கிளினிக்கும் அலுவலகமும் திறந்திருக்கும். கிளினிக் தேதியை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினால், அன்று தாய்க்குப் பதிலாக மகன் போகலாம். தொடர்மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவையும், காடியிலிருந்து இறங்காமலே மருந்து பெறும் முகப்பும் பல அரசாங்க மருத்துவமனைகளில் உண்டு. அதற்குப் பெயர் பதிந்து கொடுப்பதே ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பூவும் கோப்பிக்கடையும்

கவனிக்கும் மனைவியைப் பார்க்கும் ஊர்க்கண் கொஞ்சம் கூர்மையானது. புடவையை மாற்றிக் கட்டினாலும், தலையில் பூ வைத்தாலும், "புருஷன் படுத்திருக்கான், இவளுக்குப் பூ கேக்குது" என்று ஒரு வாய் பேசிவிடும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டு, கண்ணாடி பார்ப்பதை விட்டு, வெளியே போவதையும் விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லிகையை வாங்கி வந்து, மூத்த பெண் ஒருவர் தம் கையாலேயே அவர் தலையில் வைத்துவிட்டால், ஊர் வாய்க்கு அது பதில் சொல்லிவிடுகிறது. வெள்ளி இங்கே விடுமுறை நாளாகவும் கோயில் நாளாகவும் இருப்பதால், அன்று மாலை ஒருவர் நோயாளியோடு இருந்துகொண்டு மனைவியைக் கோயிலுக்கு அனுப்புவது வசதி. தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். "அவர் எழுந்து நடக்கணும்" என்பதே வேண்டுதல், ஆனால் அவரை விட்டுவிட்டுப் போக முடியாததால் வேண்டுதலே பாரமாகிறது. அந்த ஒரு நாளை ஏற்றுக்கொள்ள இப்போதே ஒருவர் பெயர் கொடுத்து வைப்பது நல்லது. நோயாளியும் எளிதாக அனுப்பிவைப்பார்.

கணவன் கவனிப்பவராக இருக்கும் வீட்டில் நிலைமை வேறு மாதிரி. நாற்பது வருடம் அடுப்படிப் பக்கம் போகாதவர் திடீரென்று ரசம் வைக்க நிற்கிறார். உறவுப் பெண்கள் வந்து, பாத்திரத்தைப் பிடுங்கி, "உங்களுக்கு என்ன தெரியும், தள்ளுங்க மாமா" என்று மொத்தச் சமையலையும் செய்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் அவர் மீண்டும் அதே இடத்தில் நிற்கிறார். கேலி பண்ணாமல், ரெண்டு குழம்பும் ஒரு ரசமும் செய்யப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதுதான் நீடிக்கும் உதவி. மனைவியைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் ஆணுக்கு வரும் தயக்கத்தை யாரிடமும் சொல்ல மாட்டார். அந்த வேலைக்கு மட்டும் ஒரு நாத்தனாரோ கொழுந்தியாளோ வந்துபோனால், அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மூச்சு விடுவார்.

ஆண்களுக்குத் துணை என்பது பெரும்பாலும் கோப்பிக்கடை மேசைதான். பெரட்டுக்குப் போகும் காலத்திலிருந்து ஒன்றாக உட்கார்ந்த கூட்டாளிகள், ஆள் வராமல் போனதும், "வீட்டுல சிரமம், தொந்தரவு பண்ண வேணாம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த நாகரிகம் அவரை அடியோடு தனியாக்கிவிடுகிறது. பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ இரண்டை வாங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போய்க் கால்மணி நேரம் பந்து ஆட்டத்தைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ பேசிவிட்டு வரலாம். நோயைப் பற்றிப் பேசக்கூடாது என்றில்லை. அதை அவர் எடுக்கட்டும். மாதம் ஒருமுறை முடிதிருத்தும் கடைக்கு அழைத்துப் போவதும் இந்தக் கணக்கில் சேரும்.

வேலையிடத்தின் பங்கு இதில் முக்கியம், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் வரையிலான விடுப்பும் தருகிறது. அவருடைய துணைவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்வதும், கடிதத்தை எழுதித் தருவதும் உடன் வேலை செய்பவரால் முடியும். கூலிம் ஹைடெக் பார்க்கில் இரவு ஷிப்டை மாற்றிக்கொள்ளும் தோழியின் உதவி எந்தச் சட்டத்திலும் இல்லை. செம்பனையில் கணவன் குலை வெட்ட மனைவி உதிரிப் பழம் பொறுக்கும் குடும்பங்களில், ஒருவர் படுத்தால் இருவர் வருமானமும் நிற்கிறது. மண்டோர் அந்த மனைவிக்கு வீட்டுக்குப் பக்கத்து நிரையில் அரைநாள் வேலை ஒதுக்கினால், சம்பளமும் வரும், மதியம் மருந்தும் கொடுத்துவிடலாம்.

சொல்லக்கூடியதும் கூடாததும்

ஆறுதல் சொல்ல வருபவர்கள் அறியாமல் செய்யும் காயங்கள் சில உண்டு. "எல்லாம் விதி" என்பது ஒன்று. "எங்க மாமியாரு பத்து வருஷம் பாத்தாங்க, ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்ல" என்பது இன்னொன்று. அதைக் கேட்டவர் இனி முணுமுணுக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். "நீங்க மெலிஞ்சு போயிட்டீங்களே" என்று வாசலிலேயே சொல்வது அக்கறைதான், ஆனால் மெலிந்தவருக்கு அது தெரியும். நோயாளியின் முன்னாலேயே துணைவரைப் புகழ்வதிலும் கவனம் தேவை. "உன் பொண்டாட்டி இல்லன்னா நீ போயிருப்பே" என்ற வேடிக்கை, படுத்திருப்பவரைக் கடனாளியாக்குகிறது. அந்த ராத்திரி அவர் சாப்பிட மறுத்தால் அவதிப்படுவது மனைவிதான்.

நல்ல சொல் பெரும்பாலும் கண்ணால் பார்த்ததைச் சொல்வதாக இருக்கும். "போன வாரம் கையைத் தூக்கவே முடியல, இப்ப கப்பைப் பிடிக்கிறாரே" என்று தினமும் பார்க்காத ஒருவர் சொல்லும்போதுதான், தினமும் பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரிகிறது. "படுக்கை விரிப்பு எவ்வளவு சுத்தமா இருக்கு" என்பதும் அப்படிப்பட்டதே. யாரும் கவனிக்காத உழைப்பு அதில் இருக்கிறது. நோயாளியை விசாரிக்கும் முன், துணைவரின் பெயரையோ உறவுமுறையையோ சொல்லி, "நேத்து தூங்குனீங்களா?" என்று கேட்பது எளிது. பதில் நீளமாக வந்தால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவர் எரிச்சலைக் கொட்டினாலும், கணவனைக் குறை சொன்னாலும், அதைத் திருத்தப் போக வேண்டாம். அடுத்த வீட்டில் போய்ச் சொல்லவும் வேண்டாம்.

படிவங்கள்

மலாய்ப் படிவம் ஒன்றைப் பார்த்ததும் தோட்டத்துப் பெண்கள் பலர் அதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு மாலை நேரத்தைக் கொடுத்தால் அது மாதா மாதம் பணமாக மாறக்கூடும். சொக்சோவில் பங்களித்த தொழிலாளி உடல் இயலாமைப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கலாம். எப்போதும் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால், அதற்கென்றே மாதம் 500 ரிங்கிட் படி தனியாக உண்டு. சொக்சோ இல்லாதவர்களுக்குச் சமூக நல இலாகா, படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளியைப் பராமரிப்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் உதவி தருகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

துணைவரின் சொந்தப் பாதுகாப்புக்கும் ஒரு வழி இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசியர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா கட்டிச் சேரலாம். வீட்டு வேலையின்போது ஏற்படும் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் அது இழப்பீடு தரும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தாய்க்கு என்ன வாங்கி அனுப்பலாம் என்று யோசிக்கும்போது, இந்தச் சந்தாவையும் நினைத்துப் பார்க்கலாம். ஸ்ட்ரோக் நோயாளிகளின் குடும்பங்களுக்குத் தகவலும் பயிற்சியும் தேவைப்பட்டால், 1996இல் தொடங்கப்பட்ட மலேசிய தேசிய ஸ்ட்ரோக் சங்கம், நாசாம், உதவும். அதன் தொலைபேசி எண்ணைத் தேடி எழுதிக் கொடுத்து, முதல் அழைப்பைத் தாமே செய்து பேச வைப்பவர் பாதி வேலையை முடித்துவிடுகிறார்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

நோயாளி கைத்தடியோடு வாசல் வரை நடக்க ஆரம்பித்ததும், ஊர் நிம்மதியடைந்து விலகிவிடுகிறது. கவனிப்பவருக்கு இதுவே சோர்வான கட்டம். ஆபத்து வேளையில் இருந்த ஒரு முறுக்கு தளர்கிறது, அதுவரை தள்ளிப்போட்ட அழுகை வருகிறது. தேறி வருபவரோ தன்னால் முடியாததைக் கண்டு எரிந்து விழுகிறார். அந்த எரிச்சல் விழுவது ஒரே ஆள் மேல். ஆகவே உதவி செய்ய நினைப்பவர் முதல் வாரத்தின் நெரிசலில் சேராமல், நாட்காட்டியில் மூன்றாம் மாதத்தைக் குறித்துவைத்துப் போவது புத்திசாலித்தனம். நோயாளியைக் கோப்பிக்கடைக்கோ கோயில் மண்டபத்துக்கோ ஒரு மணி நேரம் அழைத்துப் போனால், வீட்டில் இருப்பவருக்கு வீடு ஒரு மணி நேரம் சொந்தமாகிறது. எங்கேயும் போகாமல், எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்க அவருக்கு அது போதும்.

இந்தக் கட்டத்தில் பழைய பழக்கம் ஒன்றை மீட்டுத் தருவதும் நல்லது. கூட்டு கட்டும் பெண்கள் தங்கள் மாதக் கூடுகையை அவர் வீட்டிலேயே வைத்து, டீயும் பலகாரமும் தாங்களே கொண்டுவரலாம். பசார் மாலாமுக்குப் போகும் பக்கத்து வீட்டார் அவரையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகலாம்; பூவும் கீரையும் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம். ஆடி மாதக் கூழுக்கு அவரிடம் ஒரு சிறு வேலை கொடுக்கலாம். உதவி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு, தன்னாலும் ஒன்று ஆகும் என்று தெரிவது பெரிய தெம்பு.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது துணைவரின் உடம்பு. கணவனின் ரத்த அழுத்தத்தையும் சீனி அளவையும் நாள்தோறும் குறித்து வைத்தவர், தம்முடையதை ஓராண்டாகப் பார்த்திருக்க மாட்டார். தம் மாத்திரையை விட்டுவிட்டவர்களும் பல் வலியைக் கிராம்பு வைத்து ஓட்டியவர்களும் இருப்பார்கள். நோயாளியின் அடுத்த கிளினிக் தேதியில் இன்னொருவரும் உடன்போய், நோயாளியை அவர் பார்த்துக்கொள்ள, துணைவரை அதே கிளினிக்கில் தனி நம்பர் எடுத்து உட்கார வைக்க வேண்டும். குடிமக்களுக்கு அங்கே பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்.